தேடியது நீதிக்கதை, வந்தது வேறு கதை!

கேள்வி: இணையப் புத்தகக் கடையில் மகளுக்குக் கதை தேடினால், நடுநடுவே கூசவைக்கும் அட்டைகள். மொத்தமாக வடிகட்டினால் என்ன? (வாசகி, தேனி)

பதில்: வடிகட்டலாம்தான். ஆனால் சல்லடைக்குப் புத்தகம் படிக்கத் தெரியாதே! பெரும்பாலும் வகைப் பெயரைத்தான் பார்க்கும். 2009 ஏப்ரலில் அமேசானில் வகைப்படுத்தல் கோளாறு ஒன்றில் 57,310 புத்தகங்கள் ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்ற சல்லடையில் தவறாகச் சிக்கின. உடல்நலம், இனப்பெருக்க மருத்துவ நூல்கள்கூட. விற்பனைத் தரவரிசை காணாமல் போனது, சில தேடலிலேயே தட்டுப்படவில்லை. பாவம், டாக்டர்கள்!

நீங்கள் வெறுமனே ‘கதை’ என்று தட்டாதீர்கள். முதலில் சிறுவர் பிரிவுக்குள் நுழையுங்கள், அப்புறம் எழுத்தாளர் பெயரைப் போடுங்கள். அமேசானின் மின்னூல் கருவியான கிண்டில் என்றால், ‘பேரன்டல் கன்ட்ரோல்ஸ்’ (பெற்றோர் கட்டுப்பாடு) போய்க் கடையையே பூட்டிவிடலாம். கடவுச்சொல்லாக மகளின் பிறந்தநாளை மட்டும் வைத்துவிடாதீர்கள்.