மால்பெக் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: மால்பெக் திராட்சை பிரான்சின் காவோர் பகுதியைச் சேர்ந்தது. அந்தக் கொடியைக் கொண்டுபோய் நட்ட அர்ஜென்டினா, மால்பெக் ஒயினைத் தன் தேசிய அடையாளமாகக் கொண்டாடுவது நியாயமா? அசல் இருக்க, நகலுக்கு ஏன் இத்தனை புகழ்?

பதில்: மால்பெக்கின் பிறந்த வீடு தென்மேற்குப் பிரான்ஸ் என்பதில் ஐயமில்லை. லோட் ஆற்றங்கரையிலுள்ள காவோரின் ஒயின், அதன் அடர்நிறத்தால் 'கருப்பு ஒயின்' என்றே பேர்பெற்றது. ஆனால், அதைக்கொண்டு அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் விளைவதை நகல் என்று தள்ளிவிடுவதை நான் ஏற்கவில்லை.

அசல், நகல் என்று பேசுவோர் காவோரின் வரலாற்றையும் முழுதாகப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபைலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி அந்தத் தோட்டங்களைச் சீரழித்தது. மிஞ்சியவற்றில் பெரும்பகுதியை 1956 பிப்ரவரியில் அடித்த கடும் உறைபனி கருக்கிவிட்டது. இன்று அங்கே நிற்கும் கொடிகளில் பெரும்பாலானவை அதற்குப் பின் நடப்பட்டவை. ஒயினில் குறைந்தது 70 விழுக்காடு மால்பெக் இருக்க வேண்டும் என்ற விதியோடு கூடிய புவிசார் தகுதி காவோருக்குக் கிடைத்ததும் 1971-இல்தான். மெண்டோசாவிலோ, அந்த உறைபனிக்கு முன்பே நட்ட கொடிகள், ஒட்டுக் கட்டாமல் தம் சொந்த வேரில் நின்று இன்றும் காய்க்கின்றன.

அர்ஜென்டினாவுக்கு மால்பெக் வந்ததும் ஏனோதானோவென்று அல்ல. 1853-இல், பின்னாளில் அந்நாட்டின் அதிபரான சர்மியெண்டோவின் தூண்டுதலால், மிஷேல் எமே பூஷே என்ற பிரெஞ்சு வேளாண் வல்லுநரின் பொறுப்பில் மெண்டோசாவில் ஒரு வேளாண் பண்ணை நிறுவப்பட்டது. அவர் கொண்டுவந்த பிரெஞ்சு ரகங்களில் மால்பெக்கும் ஒன்று.

அந்த மண்ணில் அது ஏன் இப்படிச் செழித்தது என்பதே கேட்கத் தக்க கேள்வி. மெண்டோசா ஏறத்தாழ ஒரு பாலைநிலம். ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் அளவுதான் மழை. ஆண்டிஸ் மலையின் பனி உருகிவரும் நீரை, வார்ப்பே பழங்குடியினர் காலத்திலேயே தொடங்கிய கால்வாய் முறையின் வழியே கொண்டுவந்து, முறை வைத்து மடை திறந்து பாய்ச்சித்தான் அங்கே திராட்சை வளர்கிறது. பூக்கும் பருவத்தில் குளிரும் ஈரமும் சேர்ந்தால் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடுவது மால்பெக்கின் பெரும் பலவீனம். வறண்ட மெண்டோசாவில் அந்தத் தொல்லை குறைவு. மெண்டோசாவின் லுஹான் தெ கூஜோ பகுதியில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர், ஊக்கோ பள்ளத்தாக்கின் மேட்டுத் தோட்டங்களில் 1,500 மீட்டர் வரை என்று உயரம் ஏற ஏற வெயிலின் கடுமையில் தோல் தடிக்கிறது, நிறம் ஏறுகிறது; இரவின் குளிர் புளிப்பைக் காக்கிறது. கோப்பையைச் சற்றே சாய்த்துப் பார்த்தால், இளம் ஒயினின் விளிம்பில் ஊதா ஒளிர்வது தெரியும். கோடையில் கல்மழை கொட்டினால் ஓர் ஆண்டு உழைப்பு சில நிமிடங்களில் போய்விடும் என்பதால், அங்கே பல தோட்டங்கள் வலைபோட்டு மூடப்பட்டிருக்கின்றன. இத்தனை பாடுபட்டு விளைவிப்பவர்களை நகலெடுப்பவர்கள் என்பது அநியாயம்.

இரண்டும் சுவையில் ஒன்றல்ல. காவோர் இறுக்கமானது, துவர்ப்பு மிக்கது, சில ஆண்டுகள் காத்திருக்கச் சொல்வது. மெண்டோசா மால்பெக் கனிந்தது, மென்மையானது, கருநாவல் நிறப் பழங்களின் மணம் நிறைந்தது. துவர்ப்பு பிடிக்குமானால் காவோரை வாங்குங்கள். 'அசல்' என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். மெண்டோசா ஒயின் வாங்கும்போது, புட்டியில் நாட்டின் பெயரோடு நின்றுவிடாமல், எந்தப் பள்ளத்தாக்கு என்பதையும் பாருங்கள்.