தலைமயிருக்குள்ள கறுப்புத் திட்டு வருதா? கிராபிக்ஸ் கார்ட் வாங்க ஓடாதீங்கோ

உப்புவெளியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: "பிளெண்டர்ல (3டி உருவம் செய்யிற மென்பொருள்) ஆடுற பிள்ளை ஒண்டின்ட உருவம் செஞ்சனான். தலைமயிர், படம் ஒட்டின மெல்லிய தகடுகள். சைக்கிள்ஸ்ல (பிளெண்டருக்குள்ள இருக்கிற ஒரு ரெண்டர் எஞ்சின்) ரெண்டர் போட்டா, அதாவது படமா எடுத்தா, மயிர் அடர்த்தியா இருக்கிற இடமெல்லாம், முக்கியமா காதோரம், ஒரே கறுப்பு. கடையில கார்ட் பத்தாது எண்டு சொல்றாங்க, மாத்தவா?"

வேணாம். கார்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. கார்ட் வேகத்துக்குத்தான், அதே சீனை சிபியூல போட்டுப் பாருங்கோ, மணிக்கணக்கா இழுக்கும், ஆனா கறுப்பு அதே இடத்திலதான் இருக்கும். இதைக் கடைக்காரருக்கும் காட்டுங்கோ, அப்பவும் கார்ட் எண்டு சொன்னா அவர் விக்கத்தான் நிக்கிறார். இன்னொரு கூட்டமும் இருக்கு, சும்மா கிடைக்கிற பிளெண்டரைப் பென்டிரைவ்ல போட்டுத்தந்து காசு வாங்கும், செட்டிங் சரிபண்ண இன்னொருக்கா வாங்கும். பிளெண்டர் முழுக்க இலவசம் தங்கச்சி, அவங்கட சைட்லயே எடுங்கோ.

நடக்கிறது இதுதான். நுளம்பு வலையை மடிச்சு மடிச்சுப் பிடிச்சா எத்தனை மடிப்புக்கு அங்கால பாக்கலாம்? தகட்டில மயிர் இல்லாத இடம் ஊடாத் தெரியும், ஒளி அதால ஒவ்வொரு தகட்டையும் தாண்டேக்க பிளெண்டர் எண்ணும், தானா வச்சிருக்கிற கணக்கு 8, அதுக்கு மேல தகடு வந்தா கைவிட்டுட்டுக் கறுப்பு அடிச்சிடும். இந்தக் கணக்கை மாத்திற இடம்: ரெண்டர் ப்ரொப்பர்ட்டீஸ், லைட் பாத்ஸ், மக்ஸ் பவுன்சஸ், அதுக்குள்ள ட்ரான்ஸ்பரன்ட். முதல்ல 2 ஆக்கிப் பாருங்கோ, திட்டு பெருக்கும், பிறகு 32 போடுங்கோ, அடங்கும். அப்படி மாறினா வருத்தம் இதுதான். 32 போட்டும் நெத்தியில மெல்லிசா இருட்டு நிண்டா அது உண்மையான நிழல், லைட்டின்ட அளவைப் பெரிசாக்குங்கோ, மென்மையாகும்.

ஒரு விதிவிலக்கு, இதில கனபேர் தடுமாறுறாங்க. தகடு இல்லாம இழை இழையா வளர்த்த மயிர், அதுவும் அம்மம்மா உருவம் மாதிரி வெள்ளை மயிர், ப்ரின்சிபிள்ட் ஹெயார் எண்ட மயிருக்கான ஷேடர் போட்டிருந்தா, ட்ரான்ஸ்பரன்ட்டை நூறாக்கினாலும் ஒண்டும் நடக்காது. வெள்ளை இழைக்குள்ளால ஒளி பூந்து அடுத்த இழைக்குப் போய் அங்கால இன்னொண்டுக்குப் போய்த்தான் வெளிச்சமாத் தெரியும், அதால அதே மக்ஸ் பவுன்சஸ்ல இருக்கிற டோட்டலையும் ட்ரான்ஸ்மிஷனையும் கூட்டவேணும், குறைச்சு வச்சா வெள்ளை மயிர் ஊத்தையாத்தான் தெரியும். கறுப்பு மயிருக்கு இந்தக் கவலை இல்ல, அது ஒளியைக் குடிச்சிடும், அம்மம்மாவுக்குத்தான் இந்தப் பாடு.

சைக்கிள்ஸ் இல்லாம ஈவில (பிளெண்டர்ட மற்ற, வேகமான ரெண்டர் எஞ்சின்) செய்யிறீங்கள் எண்டா வேற கதை. பழைய வெர்ஷன்ல மெட்டீரியல் செட்டிங்ல ஷடோ மோட் (நிழல் எப்பிடி விழும் எண்ட செட்டிங்) ஒபேக்ல, அதாவது ஊடாத் தெரியாததா, நிக்கும், அதால தகடு முழுக்கச் சதுர நிழலா விழும், அல்ஃபா ஹாஷ்ட் ஆக்கினாச் சரி. 2024ல வந்த 4.2ல ஈவியையே புதுசா எழுதி அந்த மெனுவைத் தூக்கிட்டாங்க, ஆனா சர்ட்டிபிகேட் குடுக்கிற சில வகுப்புகள்ல பழைய நோட்ஸைத்தான் படிப்பிக்கிறாங்க, பிள்ளைகள் இல்லாத பட்டனைத் தேடி நிக்குதுகள். நோட்ஸ்ல எந்த வெர்ஷன் எண்டு முதல்ல பாத்துட்டுத் தொடங்குங்கோ.