இரட்சிப்புக்கு ஞானஸ்நானம் கட்டாயமா?

தண்ணீர் ஊற்றியோ மூழ்கவைத்தோ ஒருவரைக் கிறிஸ்தவராகச் சேர்க்கும் சடங்குதான் ஞானஸ்நானம். இரட்சிப்புக்கு, அதாவது பாவத்திலிருந்து மீட்புப் பெற, அது கட்டாயமா என்றால், சபைக்குச் சபை பதில் மாறும்.

தண்ணீராலும் ஆவியாலும் பிறக்காதவர் இறையாட்சிக்குள் நுழைய முடியாது என்னும் பைபிள் வசனத்தை (யோவான் 3:5) காட்டி, அவசியம் என்கிறது கத்தோலிக்க சபை. ஆனால் பெற விரும்பி, அதற்குள் இறந்துபோனவருக்கும் மீட்பு உண்டு என்கிறது. பெந்தெகொஸ்தேக்காரர் பெரும்பாலும் எபேசியர் 2:8-ஐ எடுப்பார்கள்: விசுவாசித்ததுமே இரட்சிப்பு, முழுக்கு அதற்குப் பின்வரும் கீழ்ப்படிதல். இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்டு, மனந்திரும்பியதும் அவரிடம் பரதீசு வாக்குப் பெற்ற கள்ளன் எந்த ஆற்றில் மூழ்கினான் என்பார்கள், நியாயமான கேள்விதான். நிலம் வாங்குவதோடு ஒப்பிட்டால், முன்னவருக்கு இது கிரையப் பத்திரம், பின்னவருக்குப் பட்டா பெயர்மாற்றம்.

குமரி மாவட்டத்தில் வேரூன்றிய இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற சபையில் தண்ணீர் ஞானஸ்நானமே கிடையாது. கொடியின் கீழ் உறுதிமொழி எடுப்பதோடு சரி.

ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தை நரகத்துக்குப் போகும் என்பது கத்தோலிக்கப் போதனை அல்ல. அக்குழந்தையை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைப்பதே அதன் மறைக்கல்வி.