உடன் உட்கார ஒருவர்

அன்புள்ள அக்கா,

பர்மாவின் பெகுவிலிருந்து எழுதுகிறேன். 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு நான் கல்லூரிக்குத் திரும்பவில்லை. இலவச இணைய வகுப்புகளில் சேர்ந்தேன். புள்ளியியல், பைத்தான் என்ற கணினி மொழி என்று இதுவரை ஐந்து. ஒன்றையும் முடிக்கவில்லை. கரண்ட் இருந்தால் நெட் இல்லை, நெட் இருந்தால் அவர்கள் பேசும் ஆங்கிலத்தின் வேகம் பிடிபடவில்லை. உலகமே சும்மா சொல்லிக்கொடுக்கும்போது படிக்காமல் இருப்பது என் சோம்பல்தானா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

சோம்பல் இல்லை. உங்கள் கடைசி வரி என்னை மிகவும் வருத்தியது, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களான ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தில் நடத்திய வகுப்புகளில் 2017-18-இல் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர்தான் முடித்தார்கள். இத்தனைக்கும் வசதியான நாடுகளிலிருந்து சேர்ந்தவர்களே அதிகம். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களிலும் பாதிக்கு மேல் முடிக்கவில்லை.

இலவசப் பாடம் வேறு, திறந்த பாடம் வேறு. நம் ஊருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். இலவச வகுப்புகள் பலவற்றில் அந்தத் தளத்துக்குள் போய்த்தான் பார்க்க முடியும், நாள் கடந்தால் பூட்டிவிடுவார்கள். எம்ஐடி தன் பாடங்களை இணையத்தில் வைக்க 2001-இல் அறிவித்த ஓப்பன்கோர்ஸ்வேர் அப்படி இல்லை. இறக்கி வைத்துக்கொள்ளலாம், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், வியாபாரம் செய்யாதவரை தமிழிலோ பர்மியத்திலோ மாற்றிக்கொள்ளவும் அனுமதி உண்டு. இந்திய ஐஐடிகளின் இணையப் பாடத் திட்டமான என்பிடெல்லும் திறந்த பாடம்தான். அந்த ஆங்கிலம் நம் காதுக்குப் பழகியது, சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. சான்றிதழ்த் தேர்வை மட்டும் இந்தியாவில் உள்ள மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய குறைதான். படிப்பு கையில் இருக்கும், காட்டுவதற்குக் காகிதம் இருக்காது.

சரி, பாடம் கிடைத்துவிட்டது. அப்புறமும் ஏன் நின்றுபோகிறது? பர்மிய மொழியில் புத்த மடத்துக்கும் பள்ளிக்கும் ஒரே சொல், சௌங். தமிழிலும் சமணரும் பௌத்தரும் தங்கிய இடம்தான் முதலில் பள்ளி. இந்த நாட்டின் ஏழைப் பிள்ளைகள் எத்தனையோ தலைமுறையாக மடங்களில் காசில்லாமல் எழுத்துப் படித்தார்கள். அங்கே பக்கத்தில் இன்னொரு பிள்ளை உட்கார்ந்திருந்தது, நேற்று ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவர் இருந்தார். திரை அதைக் கேட்பதில்லை.

நானும் கணக்கியல் வகுப்பொன்றை இரண்டு முறை பாதியில் விட்டவள். மூன்றாம் முறை ரங்கூனில் எங்கள் தெருப் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தோம். ஒரு பென்டிரைவ், ஒரு மடிக்கணினி, சனிக்கிழமை மாலை. புரிந்தவள் தமிழில் சொல்வாள், கரண்ட் போனால் நோட்டில் கணக்குப் போடுவோம். முடிக்க ஏழு மாதம் ஆனது.

ஐந்தில் நான்கை விட்டுவிடுங்கள். புள்ளியியலை வைத்துக்கொண்டு உங்கள் தெருவில் இரண்டு பேரைப் பிடியுங்கள். பிடித்ததும் எழுதுங்கள். பெகு பக்கம் வருகிறவர் யாரிடமாவது பாடங்களைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா