கிரீன்ஸ்பரோ டிக்கெட்

அன்புள்ள சார்,

டெக்சாஸில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். எங்கள் நிறுவனத்தின் ஆண்டுக் கூட்டம் இந்த முறை மிசிசிப்பி மாநிலத்தில், பிலாக்ஸியில் நடக்கிறது. மத நம்பிக்கையைச் சொல்லி அந்த மாதிரி ஆட்களின் திருமணத்துக்கு இடம், கேக், புகைப்படம் எல்லாவற்றையும் மறுக்கலாம் என்று அங்கே சட்டம் இருக்கிறது. எங்கள் குழுவில் அந்த மாதிரி ஒருவர் இருக்கிறார். வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாமும் போகக் கூடாது என்கிறார்கள் சிலர். மக்களின் பிரதிநிதிகள் போட்ட சட்டத்தை வெளியிலிருந்து பணத்தைக் காட்டி மிரட்டுவது சரியா? இதே நிறுவனங்கள் சவூதியில் வியாபாரம் செய்யவில்லையா? நான் போகலாமா, வேண்டாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் குழுவில் ‘வர மாட்டேன்’ என்று சொன்ன அந்த மனிதரை நினைத்துக்கொண்டுதான் இந்தப் பதிலை எழுதுகிறேன். அவர் என்னை வேறொருவரிடம் கொண்டுபோய் விட்டுவிட்டார்.

சவூதி வாதத்தை விட்டுவிடுவோம். நிறுவனங்களுக்கு மனசாட்சி உண்டு என்று நான் எங்கேயும் எழுதியதில்லை. மக்கள் போட்ட சட்டம் என்கிறீர்கள். கொலராடோவில் 1992-இல் பொது வாக்கெடுப்பே நடத்தி, தன்பாலீர்ப்பாளர்களைப் பாதுகாத்த உள்ளூர்ச் சட்டங்களைத் தூக்கியெறிந்தார்கள். 1996-இல் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் போதும்.

மிரட்டல் பலிக்குமா என்றால், சில இடங்களில் நன்றாகவே பலிக்கும். இண்டியானாவில் ஆளுநர் மைக் பென்ஸ், மத நம்பிக்கையைச் சொல்லும் இதே மாதிரி ஒரு சட்டத்தில் 2015 மார்ச் 26 அன்று கையெழுத்திட்டார். ஏப்ரல் 2 அன்று திருத்தத்துக்கும் அவரே கையெழுத்திட்டார். ஒரே வாரம்! அந்த வாரக் கடைசியில் கல்லூரிக் கூடைப்பந்தின் கடைசிச் சுற்று இண்டியானாபோலிஸில் நடக்க இருந்தது. அதை நடத்தும் சங்கத்தின் தலைமையகமும் அதே ஊர். மிசிசிப்பியிலும் 2016-இல் பாடகர் பிரையன் ஆடம்ஸ் கச்சேரியை ரத்து செய்தார், அதே பிலாக்ஸியில்தான். சட்டம் இன்றும் இருக்கிறது. இழப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லாதவரை எதைக் காட்டிப் பயமுறுத்துவது?

நான் அந்த வருடம் வட கரோலினாவில் வேலையில் இருந்தேன். சார்லட் நகரம் தன்பாலீர்ப்பாளருக்கும் திருநருக்கும் பாதுகாப்பு தந்து ஒரு விதி போட்டது. மாநிலம் மார்ச்சில் ஒரே நாளில் கூடி அதை ரத்து செய்து, வேறெந்த நகரமும் அப்படிச் செய்ய முடியாதபடி சட்டம் போட்டது. பக்கத்து மேசையில் அறுபதை நெருங்கும் ஒரு பெண்மணி. வீட்டில் இன்னொரு பெண்மணி, இருபது வருட வாழ்க்கை. கிரீன்ஸ்பரோவில் ஏப்ரல் 10 அன்று பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கச்சேரிக்கு இரண்டு டிக்கெட் வாங்கி மேசைத் தடுப்பில் குத்தி வைத்திருந்தார். இரண்டு நாள் முன்பு, அந்தச் சட்டத்தை எதிர்த்து, ஸ்பிரிங்ஸ்டீன் ரத்து செய்தார். நான் போய், “பெரிய மனிதர், உங்களுக்காகச் செய்திருக்கிறார்” என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

“ஆமாம், நல்ல மனிதர்தான்” என்றார். டிக்கெட்டைக் கழற்றினார். “ஆனால் இந்த மாசம் எனக்கு இருந்தது இந்த ஒரு ராத்திரிதான்.”

ஸ்பிரிங்ஸ்டீனை நான் குறை சொல்லவில்லை. டிக்கெட் பணம் திரும்பி வந்தது, அவருடைய ஆட்களுக்கும் நஷ்டம்தான். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகு, எங்கே யார் புறக்கணிக்கிறேன் என்று கிளம்பினாலும் எனக்கு ஒரே கேள்விதான் வருகிறது: செலவு யார் கணக்கில்?

புறக்கணிப்பை ஆங்கிலத்தில் ‘பாய்காட்’ என்கிறார்களே, அந்தச் சொல் பிறந்த கதையைப் பாருங்கள். 1880, அயர்லாந்தின் மேயோ. பாய்காட் என்பவர் ஒரு பிரபுவின் நிலத்துக்கு முகவர். குத்தகைக் குறைப்பு மறுக்கப்பட்டது, சிலரை வெளியேற்றப் பார்த்தார்கள். ஊர் அவரை ஒதுக்கியது. வேலையாட்கள் போய்விட்டார்கள், கடைக்காரர் சாமான் தரவில்லை. அறுவடைக்கு ஆளில்லை. வடக்கிலிருந்து ஐம்பது பேரைப் பட்டாளத்தின் காவலில் கொண்டுவந்து கிழங்கு தோண்டினார்கள். சில நூறு பவுண்டு விளைச்சலுக்கு ஆயிரக்கணக்கில் செலவு. இதை எல்லோரும் சொல்வார்கள். வேலையை விட்ட கூலிக்காரனை யாரும் சொல்வதில்லை. அறுவடைக் கூலிதான் அவனுக்குக் குளிர்காலம். அதை விட்டுவிட்டுத்தான் அவன் பாய்காட்டை ஒதுக்கினான். தூரத்து ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒதுக்கவில்லை.

இப்போது கலிஃபோர்னியாவுக்கு வாருங்கள். பாகுபாட்டுச் சட்டம் போட்ட மாநிலங்களுக்கு அரசுப் பணத்தில் யாரும் பயணம் போகக் கூடாது என்று 2016-இல் சட்டம் போட்டார்கள். (உங்கள் டெக்சாஸையும் 2017-இல் பட்டியலில் சேர்த்தார்கள். உங்களுக்கு உறைத்ததா?) போட்டவர்களுக்கு ஒரு காசு நஷ்டமில்லை. அரசுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள்தான் வேறு பணம் தேடி அலைந்தார்கள். பட்டியல் 20 மாநிலங்களைத் தாண்டியது. எந்த மாநிலமும் அசைந்த மாதிரி தெரியவில்லை. 2023-இல் அதை ரத்து செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தவர் அந்த மாநிலச் செனட்டர் டோனி அட்கின்ஸ், தானே தன்பாலீர்ப்பாளர்.

வட கரோலினாவிலும் முடிவு இப்படித்தான். 2017 மார்ச் 30 அன்று பாதிச் சட்டத்தை நீக்கினார்கள். நகரங்கள் பாதுகாப்பு விதி போடுவதற்கான தடையை 2020 டிசம்பர் வரை அப்படியே வைத்துக்கொண்டார்கள். சட்டத்தை எதிர்த்துப் போட்டிகளை வெளியே கொண்டுபோயிருந்த அந்தக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், அதற்குள் போதும் என்று திரும்பி வந்துவிட்டது. அதற்குப் போட்டிகள் கிடைத்தன, மாநிலத்துக்கு வருமானம் கிடைத்தது. என் பக்கத்து மேசைக்காரர் மேலும் மூன்றரை வருடம் காத்திருந்தார். இவர்கள் வெளியேறும்போதும் அவரைக் கேட்கவில்லை, திரும்பும்போதும் கேட்கவில்லை.

அவரும் புறக்கணித்தவர்தான். எழுபதுகளில் சான் பிரான்சிஸ்கோவில் கூர்ஸ் பீருக்கு எதிராக லாரி ஓட்டுநர் சங்கமும் தன்பாலீர்ப்பாளர்களின் மதுக்கடைகளும் கைகோத்தன. பதிலுக்கு எங்கள் ஆட்களுக்கும் ஓட்டுநர் வேலை கொடுங்கள் என்று கேட்டவர் அங்கே தன்பாலீர்ப்பாளர்களின் தலைவராக இருந்த ஹார்வி மில்க். என் பக்கத்து மேசைக்காரர் அப்போது அங்கே ஒரு மதுக்கடையில் பரிமாறிக்கொண்டிருந்தார். அதிகம் விற்ற சரக்கை வேண்டாம் என்று தள்ளியதில் டிப்ஸ் குறைந்ததாம். 1995-இல் அந்த நிறுவனமே ஊழியர்களின் ஒருபால் துணைக்கும் சலுகைகள் கொடுத்தது. இவர் மட்டும் 2016-லும் அதைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். “பழகிவிட்டது, அதோடு அது நல்ல பீரும் இல்லை.”

அந்த மே மாதம் லாரா ஜேன் கிரேஸ் என்ற திருநங்கைப் பாடகி டர்ஹாமுக்கு வந்தார். ரத்து செய்யாமல் வந்து, மேடையிலேயே தன் பிறப்புச் சான்றிதழைக் கொளுத்தினார். நம்மவர் போயிருந்தார். மறுநாள் காது அடைத்துக்கொண்டு வந்தார். “என்ன இரைச்சல்! ஒரு வரி புரியவில்லை. கடைசி வரை நின்றேன்” என்றார்.

சரி, நீங்கள் போவதா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். இவ்வளவையும் எனக்கு எழுதினீர்களே, நாலு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டீர்களா? ‘நீங்கள் வேண்டாம் என்றால் நானும் போகவில்லை. போய் அங்கே ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் சொல்லுங்கள், சொல்லிவிட்டு வருகிறேன்’ என்று ஒரு வார்த்தை? கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். கேட்கும்போது அந்த ‘அந்த மாதிரி’யை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அவருக்கு ஒரு பெயர் இருக்கும்.