ஆவாரை முளைக்கவே இல்லையே!

முற்றத்துத் தொட்டியில் ஆவாரை விதை போட்டு ஒரு மாதமாகிறது. ஒன்றுகூட முளைக்கவில்லை. காட்டில் தானாக வளரும் செடிக்கு இங்கே என்ன வந்தது?
– வாசகி, காரைக்குடி

விதையில் கோளாறு இல்லை, அதன் தோல்தான் கெட்டி. தண்ணீர் உள்ளே இறங்காது. உப்புத்தாளில் விதையின் அகன்ற பக்கத்தை மட்டும் தேயுங்கள். முளை வரும் கூர்முனை வேண்டாம். பளபளப்பு போய் வெளிறியதும் நிறுத்தி, இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் உப்பியிருப்பதை 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். உப்பாததை மறுபடி தேய்க்கலாம்.

ஆணிவேர்ச் செடி, பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பட்டுப்போகும். முதலிலேயே ஒன்றரை அடி ஆழத் தொட்டி வையுங்கள். செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மட்கிய எரு அரைப் பங்கு போதும். எரு கூடினால் தழைதான் மிஞ்சும், பூ வராது. முற்றம் என்கிறீர்கள், முழு வெயில் விழுகிறதா? இல்லையென்றால் மொட்டை மாடிதான்.

ஆவாரை இலையைப் பச்சைப் புழு மொட்டையடிக்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?
– வாசகர், தேவகோட்டை

பூவைக் கஷாயத்துக்குப் பறிப்பவர் மருந்தே அடிக்காதீர்கள். அது வண்ணத்துப்பூச்சியின் புழு, கையால் பொறுக்கிவிடுங்கள். செடி மறுபடி துளிர்க்கும்.