பாவோ டுனெலின் பித்தளை விளக்குகள்: கேள்வி பதில்

ஹெல்சிங்கியில் பழைய விளக்குகளைப் பழுது பார்ப்பது என் தொழில். ஃபின்லாந்துப் பித்தளைத் தொங்குவிளக்குகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவை இவை.

கேள்வி: யார் இந்த டுனெல்?

1890-ல் ஹெல்சிங்கியில் பிறந்தவர். தகர வேலை கற்று, அங்கிருந்து விளக்குக்கு வந்தவர். 1918-ல் சிலரோடு சேர்ந்து ‘தைத்தோ’ என்ற பட்டறையைத் தொடங்கினார். ஃபின்னிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்குக் கைத்திறன் என்று பொருள். கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்ட்டோவின் பைமியோ காசநோய் மருத்துவமனைக்கு விளக்குகள் இந்தப் பட்டறையிலிருந்து போயின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஃபின்லாந்துப் பொருள்களைக் காட்சிக்கு வைத்த நியூயார்க்கின் ஃபின்லாந்து ஹவுஸ் வழியாக அமெரிக்காவுக்கும் போனார். ஐ.நா. பொதுச் செயலாளரின் அறைக்கும் விளக்கு செய்து கொடுத்திருக்கிறார். 1950களில் தைத்தோ, இத்மன் என்ற மின்பொருள் நிறுவனத்தின் கைக்குப் போனது. டுனெல் 1973-ல் காலமானார்.

அவரைப் புரிந்துகொள்ள டிசம்பரில் இங்கே இருக்க வேண்டும். பகல் ஆறு மணி நேரம்கூடக் கிடையாது. அந்த இருட்டில் வெள்ளை வெளிச்சம் முகத்தில் அறையும். பித்தளையின் உட்புறத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சமோ மஞ்சள் பூசி வரும். பல்பைச் சுற்றியிருக்கும் பித்தளைத் தகட்டு மூடியில் அவர் சின்னச் சின்னத் துளைகளும் போட்டார். விளக்கை ஏற்றினால் மூடியின் மேல் புள்ளி புள்ளியாக ஒளி நிற்கும்.

கேள்வி: என்னுடையது 1965 மாடல். அந்த வருடம் செய்ததா?

இல்லை. 1965 என்பது மாடல் எண். அந்த விளக்கை அவர் 1947-ல் வடிவமைத்தார். இந்த எண்களை வருடம் என்று எடுத்துக்கொண்டு ஏமாந்தவர்கள் நிறைய.

கேள்வி: அசல் பித்தளைதானா என்று எப்படிப் பார்ப்பது?

காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் அடியில் இரும்பு, மேலே முலாம். ஒட்டாவிட்டால் பித்தளையாக இருக்கலாம், டுனெல் என்று அர்த்தமில்லை. தைத்தோ முத்திரையைத் தேடுங்கள். தேடும்போது பிளக்கில் செருகி எரிய விட்டுப் பார்க்காதீர்கள். எழுபது வருட ஒயரின் ரப்பர் உறை வற்றல் மாதிரி நொறுங்கும். மூடி முழுக்க உலோகம், கரண்ட் அதில் இறங்கிவிடும்.

கேள்வி: புளி போட்டுத் தேய்க்கலாமா? எங்கள் வீட்டுக் குத்துவிளக்கெல்லாம் அப்படித்தான் மின்னுகிறது.

வேண்டாம். குத்துவிளக்கு கனமான வார்ப்பு, நூறு வருடம் தேய்த்தாலும் தாங்கும். இது மெல்லிய தகடு. புளியின் அமிலம் துளைகளிலும் மடிப்புகளிலும் தங்கி, அங்கே பச்சைக் களிம்பு ஏறும். அம்மோனியா கலந்த பாலிஷ் இன்னும் மோசம். வளைத்த இடத்தில் தகடு விரிசல் விடும்.

கேள்வி: புதிதாக விற்றபோது பளபளவென்றுதானே இருந்தது? டுனெல் பார்த்த விளக்கைத்தான் நாங்கள் திரும்பக் கொண்டுவருகிறோம். கறுத்துப் போனதைக் கும்பிடுவது நீங்கள்தான்.

நல்ல வாதம், பாதி சரி. அவர் பார்த்தது பளிச்சென்ற பித்தளைதான். ஆனால் அந்தப் பளபளப்போடு இன்னொன்றையும் பார்த்தார்: துளையின் விளிம்பு. போன மாதம் என் மேசைக்கு ஒரே மாதிரியான இரண்டு மூடிகள் வந்தன. தொடாத மூடியில் விரலை ஓட்டினால் ஒவ்வொரு துளையும் நகத்தில் தட்டும். ஒளி அங்கே கூர்மையாக வெட்டி நிற்கிறது. வருடா வருடம் பாலிஷ் போட்ட மூடியில் விரல் வழுக்கிக்கொண்டே போகிறது. விளிம்பு மழுங்கி, ஒளி கலங்கித் தெரிகிறது. முத்திரையின் எழுத்துகளில் பாதி இல்லை. கறுப்பு ஏறினால் என்றைக்காவது எடுத்துவிடலாம். தேய்ந்த பித்தளையை யாராலும் திரும்ப வைக்க முடியாது.

கேள்வி: அப்படியென்றால் அழுக்கோடே தொங்கவிட வேண்டுமா? இது எரிவதற்குச் செய்த விளக்கு, மியூசியப் பொருள் அல்ல.

எரிவதற்குச் செய்தது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அதனால்தான் உட்புறத்தைச் சுத்தம் செய்யச் சொல்கிறேன். ஒளியைத் திருப்புவது அதுதான். மூடியைக் கழற்றுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு மென்மையான சோப்பு, பஞ்சுத் துணி. உடனே ஈரம் போகத் துடையுங்கள். பிரஷ் கூடாது.

கேள்வி: மெதுவாக, கொஞ்சமாகப் பாலிஷ் போட்டால்?

பதில் மேலே இருக்கிறது.

கேள்வி: ஹெல்சிங்கி சவோய் உணவகத்துப் பித்தளை மணி விளக்கும் இவருடையதுதானே?

அதன் வடிவம் ஆல்ட்டோவுடையது, 1937-ல் சவோய்க்காக வந்தது. இன்று அதை ஆர்டெக் என்ற ஃபின்லாந்து நிறுவனம் விற்கிறது.

கேள்வி: ஹெலேனா டுனெல் யார்?

பாவோ டுனெலின் மனைவி. ரீஹிமாக்கி கண்ணாடித் தொழிற்சாலைக்காகக் கண்ணாடி வடிவமைத்தவர், ‘சூரியப் புட்டி’ அவருடையதுதான். அவருக்குத் தனியாக ஒரு பதிவே எழுதலாம், இங்கே அடக்க மனமில்லை.

கேள்வி: என்ன விலைக்குப் போகும்?

விலை சொல்வதில்லை. ஏலக் கூடத்தில் கேளுங்கள்.

கேள்வி: பித்தளைக்கு எந்த பாலிஷ் நல்லது?

எதுவும் வேண்டாம். இது நான்காவது முறை. தயவுசெய்து மேலே படியுங்கள்.

கேள்வி: ஒயர் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா?

கூடாது. வெளியே துணி உறை நன்றாக இருக்கும், ஹோல்டருக்குள் போகும் கடைசி இரண்டு அங்குலம்தான் சூட்டில் வெந்து போயிருக்கும். எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து ஒயரை மாற்றி, மூடிக்கு எர்த் கொடுக்கச் சொல்லுங்கள். பழைய ஹோல்டரைத் தூக்கிப் போடாமல் வாங்கி வையுங்கள். அப்புறம் மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 கெல்வின் எல்.இ.டி. பல்பு போடுங்கள், மூடி சூடாகாது. அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு அந்தத் துளைகளைப் பாருங்கள்.